சாரதி இருக்கையின் பள்ளம்

எங்கள் மகன் சஞ்சீவ் இறந்த பதினாறாம் நாள், அவனுடைய உடைமைகள் யாவற்றையும் வீட்டைவிட்டு அகற்றியவன் நானே. மெத்தையும் தலையணையும் முன்னரே சவத்துடன் மயானத்துக்குச் சென்றுவிட்டன. எஞ்சியிருந்த சட்டைகள், சாரங்கள், போர்வை, துவாய், சீப்பு ஆகியவற்றைக் கருமாதியன்று ஒரு மூட்டையாகக் கட்டிக் கொடுத்தேன். இறந்தவர் உடம்பு பட்ட பொருள் எதுவும் வீட்டில் தங்கலாகாது என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். கதவருகே நின்றுகொண்டிருந்த என் மனைவி கலாராணி, ஒரு சட்டையையேனும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். வழக்கத்திற் குறை வைத்தல் ஆகாது என்று நான் சொன்னேன்.

படகை மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை. அது அப்பொழுது விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில், சஞ்சீவின் கூட்டாளியான சுமன் என்பவனுடைய காணியிற் கட்டப்பட்டுக் கிடந்தது. பதினெட்டு அடி நீளமும், முன்புறத்திற் சிறியதோர் அறையும், இருபுறமும் நீண்ட இருக்கைகளும் உடைய பழைய பைபர் படகு அது. கொரோனாக் காலத்தில் மூடப்பட்ட ஒரு விருந்தினர் விடுதியிலிருந்து சஞ்சீவ் அதனை வாங்கி, சுற்றுலாப் பயணிகளை ஏற்றித் தொழில் செய்துவந்தான். அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்காமல் தண்ணீரில் அலைகின்றானே என்னும் கோபத்தில் நான் ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. கலாராணி பல தடவை ஏறியிருக்கிறாள். பின்னிருக்கையில் அமர்ந்துகொண்டு அவன் ஓட்டுவதைப் பார்த்து வருவாள். சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் டெங்குக் காய்ச்சல் ஐந்தே நாட்களில் அவனைக் கொண்டுபோயிற்று. அவனுக்கு வயது இருபத்தெட்டு.

இரண்டு மாதங்கள் கழித்துச் சுமன் ஒரு லொறியிற் படகை ஏற்றிவந்து, திகனையில் உள்ள எங்கள் வீட்டின் பின்வளவிலே, விறகு அடுக்கும் தகரக் கொட்டகைக்குள் மரக்குற்றிகளின்மேல் இறக்கிவிட்டுப் போனான். அன்று மாலை நான்கு மணிக்குத் தேநீர் ஊற்றி என்னிடம் தந்துவிட்டு, கலாராணி கொட்டகைக்குட் சென்றாள். விளக்கு வைக்கும் நேரம்வரை அவள் திரும்பவில்லை. தேடிப்போய்ப் பார்த்தேன். படகின் சாரதி இருக்கையில் அவள் அமர்ந்திருந்தாள்.

அந்த இருக்கை ஒரு பெட்டியைப் போன்றது. பலகையின்மேல் ஒரு தும்பு மெத்தை. அதன்மேல் நீல ரெக்சின் உறை. நான்கு வருடங்களாக ஒரே ஆள் ஒரே விதமாக அமர்ந்தமையால் அதில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. சஞ்சீவ் இடது காலை மடித்துத் தொடையின் கீழே வைத்துக்கொண்டு, வலது காலைத் தொங்கவிட்டபடி ஓட்டுவானாம். இடப்புறத்திற் குதிக்கால் பதிந்த குழியும், அதனை அடுத்து அகன்றதொரு தாழ்வும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தன. கலாராணி சிறிய உடம்புக்காரி. அந்தப் பள்ளத்துக்குள் அவள் முழுவதுமாக அடங்கிப்போனாள்.

"அவன் மடியில ஏறி உக்காந்த மாதிரி இருக்குங்க" என்றாள்.

அதற்குப் பின் அவள் நான்கு மணிக்குக் கொட்டகைக்குப் போகாத நாளில்லை. வழக்கத்தைச் சொல்லி அதனைத் தடுக்க எனக்கு வாய் எழவில்லை. அவள் மற்ற வேளைகளிற் சமைத்தாள், கோயிலுக்குச் சென்றாள், அயலவர்களோடு பேசினாள். அந்த இரண்டு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டே எஞ்சிய இருபத்திரண்டு மணி நேரத்தையும் அவள் கடந்துவருகிறாள் என்பதை நான் அறிவேன்.

ஐப்பசி மழையில் கொட்டகைத் தகரம் ஒழுகத் தொடங்கிற்று. நாங்கள் கவனிப்பதற்கு முன்னரே படகுக்குள் நீர் தேங்கி, இருக்கைகள் யாவும் கரும்பூஞ்சணம் பிடித்துவிட்டன. கலாராணிக்கு இருமல் கண்டது. ஒரு நாள் அவள் எழும்பும்போது சாரதி இருக்கையின் அடிப்பலகை உளுத்து ஒரு பக்கமாக முறிந்தது. அவள் விழவில்லை, முன்னாலிருந்த சுக்கான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். அன்றிரவே நான் தீர்மானித்தேன். படகின் உட்புறத்தை முழுவதுமாகப் புதுப்பித்துவிட வேண்டும். அதுவும் என் கையாலேயே செய்ய வேண்டும். ஏனென்றால், ஒரு வேலையாள் வந்து அந்த இருக்கையில் தன் கருவிப் பெட்டியை வைப்பதைக்கூட அவள் பொறுக்கமாட்டாள்.

அதை அவளிடம் சொன்னேன். பக்கத்து இருக்கைகளை என் விருப்பப்படி செய்யலாம் என்றாள். சாரதி இருக்கையைத் தொடக் கூடாது என்றாள். முறிந்த பலகையைக் காட்டினேன், பூஞ்சணத்தைக் காட்டினேன். பலகையும் உறையும் மாத்திரமே புதியன, உள்ளே இருக்கும் தும்பு பழையதே என்று மூன்று நாட்கள் விளக்கினேன். மூன்றாம் நாள் அவள் இணங்கினாள்.

"உறை என்னவும் போடுங்க. அந்தப் பள்ளம் அப்படியே இருக்கணும். சத்தியமாச் சொல்லுங்க."

அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

மறுநாள் கண்டிக்குச் சென்று, சந்தைக்குப் பின்புறத் தெருவில் வாகனங்களுக்குக் குஷன் வேலை செய்யும் ஸிபான் என்பவரின் கடையிலே எட்டு யார் நீளத்துக்கு நீல ரெக்சின், தடித்த நைலோன் நூல், வளைந்த ஊசிகள் ஆகியவற்றை வாங்கினேன். ஸிபான் அலவத்துகொடையைச் சேர்ந்தவர், நாற்பது வயது இருக்கும், ஓயாமற் சிரிப்பவர். வேலையை நானே செய்யப்போவதாகச் சொன்னபோது அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"சேர், ஒங்களப் போல எல்லாரும் தொடங்கினா நான் ஊருக்குப் பொயித்துக் கடலதான் விக்கோணும்."

இருப்பினும் தொழிலின் முதற் பாடத்தை அவரே எனக்குக் கற்பித்தார். பழைய உறையை ஒருபோதும் கிழித்து எடுக்கக் கூடாது. தையலைப் பிரித்துத் துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, அவற்றையே புதிய துணியின்மேல் விரித்து அளவு வெட்ட வேண்டும். உறையை வெட்டும்போது மெத்தையைவிடச் சற்றே சிறிதாக வெட்டினாற்றான் அது இறுகிச் சுருக்கமின்றி நிற்கும்.

பக்கத்து இருக்கைகளை முடிக்க எனக்கு ஐந்து வாரங்கள் சென்றன. கலாராணியின் தையல் மெஷினில் ஒன்பது ஊசிகள் முறிந்தன. முதலாவது இருக்கையின் மூலைகள் பலாப்பழத்தைப் போலப் பருத்து நின்றன. நான்காவது இருக்கையிலேதான் மூலை மூலையாக இருந்தது. கலாராணி வாசலிலிருந்தபடி பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கொப்பியைத் திருத்துவதைப் போலவே தைக்கிறீர்கள் என்று சொல்லிச் சிரித்தாள். சஞ்சீவ் போன பிறகு அவள் சிரித்ததை அன்றே கண்டேன். இவ்வேலையினால் ஒரு நன்மை விளையும் என்று நான் அன்று நம்பினேன்.

கடைசியாகச் சாரதி இருக்கைக்கு வந்தேன். அந்நாளிற் புசல்லாவையில் உள்ள கலாராணியின் தமக்கை பேச்சியம்மாவின் வீட்டிலே ஒரு விசேடம் இருந்தது. இருக்கையைப் பிரித்துப்போட்டிருக்கும் நாட்களில் தனக்கு இங்கே இருக்க முடியாது என்று சொல்லி, மூன்று நாட்களுக்கு அவள் புறப்பட்டாள். வியாழக்கிழமை நான்கு மணிக்கு முன் வந்துவிடுவதாகச் சொன்னாள். கண்டியில் குட்செட் பேருந்து நிலையம்வரை கூடச்சென்று அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். யன்னலால் எட்டிப் பார்த்து, "கவனமாங்க" என்றாள். தன்னைப் பற்றியோ என்னைப் பற்றியோ அவள் அதனைச் சொல்லவில்லை.

உறையைப் பிரிப்பதற்கு முன்னர் ஒரு காரியம் செய்தேன். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் புவியியல் கற்பித்தவன். மெத்தையின் இரு விளிம்புகளிலும் ஒரு நீண்ட கம்பை வைத்து, அதிலிருந்து கீழ்நோக்கி அடிமட்டக் கோலினால் ஆழத்தை அளந்து, இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளியாகத் தாளிற் குறித்தேன். சம ஆழமான புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தேன். ஒரு பள்ளத்தாக்கின் படத்தைப் போல அது அமைந்தது. மிக ஆழமான இடம் நாலரைச் சென்ரிமீற்றர். அந்தப் படத்தின்படி, நடுவிலே தாழ்ந்து நிற்குமாறு பல துண்டுகளாக ரெக்சினை வெட்டி, ஓர் உறையைத் தைத்தேன். தட்டையான இருக்கைக்கு உறை தைத்தல் எவருக்கும் இயலும். பள்ளத்துக்கு உறை தைத்தல் எளிதன்று. ஒரு நாள் முழுவதும் அதற்கே சென்றது. இத்தனை நாளிலும் நான் தைத்தவற்றுள் அதுவே திறமானது.

பழைய உறையைக் கழற்றினேன். உள்ளே தென்னந்தும்பை இறப்பர்ப் பாலிட்டு அழுத்திச் செய்த மெத்தை இருந்தது. பள்ளம் அதிற் குறைவின்றி இருந்தது. ஆனால் தும்பு முழுவதும் கரும்பூஞ்சணம். தாங்க முடியாத நாற்றம். இதன்மேல் உறையிட்டுத் தைத்தால் கலாராணியின் இருமல் ஒரு நாளும் நிற்காது. என்ன செய்யலாம் என்று கேட்க ஸிபானுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

இங்கேதான் நான் பிழை செய்தேன். மகன் அமர்ந்திருந்த இருக்கை என்றோ, அந்தப் பள்ளம் அழியாமற் காக்கப்பட வேண்டும் என்றோ நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்கு ஒரு மகன் இருந்தான் என்பதையே நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. துக்கத்தைக் கடைத்தெருவில் எடுத்துச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. பழைய தும்பு மெத்தை ஒன்று பூஞ்சணம் பிடித்திருக்கிறது, சுத்தம் செய்வது எவ்வாறு என்று மட்டுமே கேட்டேன். அவர் மகிழ்ச்சியோடு வழி சொன்னார். நன்றாகக் கொதித்த நீரை மெத்தை நனையும்வரை ஊற்ற வேண்டும். பிறகு இரண்டு நாள் தகரத்தின்மேல் வெயிலிற் காய வைக்க வேண்டும். புதிய மெத்தையைப் போல ஆகிவிடும் என்றார். புதியது போல என்றால் சுத்தத்தையே சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவருடைய தொழிலிற் பள்ளம் என்பது போக்க வேண்டிய ஒரு குறை என்பது எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வேப்பிலையும் மஞ்சளும் இட்டு நீரைக் கொதிக்கவைத்து ஊற்றினேன். கரிய நீர் வழிந்தோடிற்று. நாற்றம் போய்விட்டது. மெத்தையைத் தகரத்தின்மேல் வைத்தேன். அன்று மாலை பார்த்தபோது பள்ளம் இருந்தது. புதன்கிழமை நல்ல வெயில். அடிப்பலகைக்கு ஒட்டுப்பலகை வாங்கி வெட்டிக்கொண்டிருந்தமையால் அன்று நான் அதன் பக்கம் போகவில்லை. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மெத்தையை எடுக்கப் போனேன்.

மெத்தை மட்டமாக இருந்தது. கொதிநீரில் இளகிய தும்பு வெயிலிலே சிறிது சிறிதாக எழும்பியிருக்கிறது. வேறொரு மெத்தையைப் பார்க்கிறேனோ என்று ஒரு கணம் எண்ணினேன். கம்பை வைத்து அளந்தேன். மிக ஆழமாக இருந்த இடத்தில் ஆழம் இரண்டு மில்லிமீற்றர். பிறகு எத்தனை தடவை அளந்தேன் என்பது நினைவில் இல்லை.

ஸிபானை அழைத்துக் கேட்கலாம் என்று தொலைபேசியை எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன். என்னவென்று கேட்பது? மெத்தைமேல் அம்மிக்கல்லை ஏற்றிவைத்தேன். அரிசி மூட்டையை வைத்தேன். எடுத்த மறுகணமே தும்பு மேலெழும்பிற்று. இறுதியில் மெத்தையைப் படகுக்குட் கொண்டுசென்று, புதிய பலகையின்மேல் வைத்து, நானே ஏறி அமர்ந்தேன். அந்தப் படகில் நான் அமர்ந்தது அதுவே முதற்றடவை. இடது காலை மடித்துத் தொடையின் கீழே வைத்தேன். வலது காலைத் தொங்கவிட்டேன். பள்ளத்தின் படத்தை முன்னால் விரித்துவைத்துக்கொண்டு, குதிக்கால் விழ வேண்டிய இடத்திற் குதிக்காலை ஊன்றினேன். ஒரு மனித உடம்பு நான்கு வருடங்களிற் செய்ததை ஏழு மணி நேரத்திற் செய்துவிடலாம் என்று எண்ணுவது மூடத்தனம் என்பதை அறியாதவனல்லன். ஆயினும் எழும்ப மனம் வரவில்லை. ஒன்பது மணியிலிருந்து அசையாமல் இருந்தேன். பகலுணவு கொள்ளவில்லை. இடைக்கிடை எழும்பிப் பார்ப்பேன். சிறியதொரு தாழ்வு தெரியும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நிரம்பிவிடும். மறுபடி அமர்வேன்.

மூன்று மணிக்குப் பின் இடது கால் முற்றாக மரத்துவிட்டது. கொட்டகைக்குள் வெளிச்சம் குறைந்தது. எவ்வளவு நேரம் அவ்வாறு இருந்தேனோ தெரியாது. எனக்குப் பின்னாற் காலடி ஓசை கேட்டது, பிறகு நின்றுவிட்டது.

"தம்பி?"

கலாராணியின் குரல். சஞ்சீவை அவள் அவ்வாறுதான் அழைப்பாள். அவனுக்குப் பின்கழுத்தும் தோளும் என்னுடையவை என்று எல்லாரும் சொல்வார்கள். அரையிருளில், மடித்த காலோடு, சுக்கானுக்கு முன்னால் அமர்ந்திருந்த முதுகை அவள் கண்டிருக்கிறாள். அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சியை என்னால் எழுத இயலாது. நான் திரும்பவில்லை. திரும்பினால் அவள் இழப்பதை நான் அறிந்திருந்தேன். மூச்சையும் அடக்கிக்கொண்டு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பலாமரத்தில் ஒரு காகம் கத்திற்று. அவள் ஓரடி வைத்தாள், இன்னோரடி வைத்தாள்.

"நீங்களா" என்றாள்.

பையைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. படகின் விளிம்பைப் பிடித்து ஏறிவந்து என் அருகே நின்றாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. மடித்திருந்த என் காலைப் பார்த்தாள். மடியிலிருந்த படத்தைப் பார்த்தாள். எனக்கு எழும்ப முடியவில்லை. அவளே என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தாள். பிறகு மெத்தையின்மேல் உள்ளங்கையை வைத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை தடவினாள். குனிந்து இன்னொரு தடவை தடவினாள். நான் நடந்ததைச் சொன்னேன். கொதிநீரையும் வெயிலையும் சொன்னேன். ஸிபானிடம் சொல்லாததையும் சொன்னேன். அவள் ஏசவில்லை. அழவும் இல்லை.

"அன்னிக்கே இதையும் அந்த மூட்டையோட குடுத்திருக்கலாம்ல" என்றாள். "ஒரேயடியாப் போயிருப்பான். இப்ப ரெண்டாந்தடவ போயிட்டான்."

நான் சத்தியத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"விடுங்க. கால நீட்டுங்க, மரத்திருக்கும்."

என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். இரத்தம் ஓடத் தொடங்கியபோது வேதனை தாங்கவில்லை. நான் அதற்காகவே அழுகிறேன் என்று அவள் எண்ணியிருக்கலாம், எண்ணாமலும் இருக்கலாம். பிறகு அவள் இறங்கி, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குட் சென்றாள். தொடங்கிய வேலையை முடித்துவிடும்படி போகும்போது சொன்னாள்.

பள்ளத்துக்கென்று நான் தைத்த உறை அந்த மெத்தைக்கு ஏறவில்லை. எஞ்சியிருந்த ரெக்சினில் மட்டமான இன்னோர் உறையை வெட்டித் தைத்தேன். இரண்டு நாட்களில் வேலை முடிந்துவிட்டது. மூலைகள் நன்றாக அமைந்திருந்தன. அவ்விரண்டு நாட்களிலும் நான்கு மணிக்குத் தேநீர் தந்த பிறகு, கலாராணி கதிரையொன்றை இழுத்துப் போட்டுக் குசினியிலேயே இருந்தாள். கொட்டகைப் பக்கம் வரவில்லை. இன்றுவரையும் அந்த இருக்கையில் அமர வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸிபான் வந்தார். தெல்தெனியவில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போகும் வழியிலே, தம்முடைய மாணவனின் வேலையைப் பார்க்க வந்ததாகச் சொல்லிச் சிரித்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு இயலவில்லை. கொட்டகைக்கு அழைத்துச் சென்றேன். அவர் படகில் ஏறி ஒவ்வோர் இருக்கையையும் அழுத்திப் பார்த்தார். முதலாவது இருக்கையைக் கண்டு கேலி செய்தார். நான்காவதைப் பார்த்துத் தலையசைத்தார். சாரதி இருக்கைக்கு வந்ததும் அதில் அமர்ந்து, எழும்பி, மறுபடியும் அமர்ந்து பார்த்தார். அவ்வேளையிற் கலாராணி தேநீரோடு கொட்டகை வாசல்வரை வந்து நின்றாள். விருந்தாளிக்குத் தேநீர் கொடுக்க வேண்டுமே.

"கையத் தாங்க சேர்" என்றார் ஸிபான். "பழைய தும்புன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. ஒரு பள்ளமும் தெரியல்லயே."

இப்பொழுதாவது அவரிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவருடைய முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கண்டு மூடிக்கொண்டேன்.

கலாராணி உள்ளே வந்து, படகின் விளிம்புக்கு மேலாகத் தேநீர்க் கோப்பையை அவரிடம் நீட்டினாள்.

"ஆமா தம்பி" என்றாள். "ஒண்ணும் தெரியல. குடிங்க, ஆறிடும்."